காங்கேசன்துறையில் உழைப்பும் உடன்படிக்கையும்

தோற்றுவாய்

வேலை தேடிச் செல்லும் இளைஞன் ஒருவன் முதலிற் கேட்கும் வினா, சம்பளம் எவ்வளவு என்பதாகும். எத்தகைய உடன்படிக்கையின்கீழ் அச்சம்பளம் தரப்படுகின்றது என்ற வினாவை அவன் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டல் மரியாதைக் குறைவு என்றெண்ணுவோரும் உளர். ஆயினும் இவ்விரு வினாக்களுள் பின்னதே கனமானது. சம்பளத்தின் அளவு வேலை நடக்கும் காலத்திற் புலனாகும். உடன்படிக்கையின் பெறுமதியோ வேலை நிற்கும் காலத்திலேயே புலனாகும். நோய், விபத்து, முதுமை, ஆட்குறைப்பு, போர் ஆகிய இவற்றுள் ஒன்று வந்து வாயிலில் நிற்கும்போது உழைப்பாளியின் கையில் யாது எஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது அவன் பெற்ற கூலியன்று. அவன் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையே.

இவ்வுண்மையை ஆராய்தற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காங்கேசன்துறையைப் போன்ற இடம் பிறிதொன்றில்லை எனலாம். புகையிரத நிலையம், துறைமுகம், சிமெந்துத் தொழிற்சாலை, கல்லகழும் இடம், மீன்பிடிக் கரை, கடைத்தெரு, தோட்ட நிலம் என்பன யாவும் சில கல் தொலைவுக்குள் அமைந்த ஊர் அது. அரசாங்க உத்தியோகத்தர் முதல் அன்றாடக் கூலியாள் வரை எல்லா வகை உழைப்பாளரும் ஒரே தெருவில் வாழ்ந்த ஊருமாகும். ஆதலின் தொழில் உடன்படிக்கைகளின் வகைகளையும், அவற்றுக்குரிய ஊதியத்தையும் வேலை நிலைமைகளையும் ஒப்புநோக்குதற்கு அவ்வூரையே களமாகக் கொள்ளுதல் பொருந்தும்.

குடிமையிலிருந்து உடன்படிக்கைக்கு

உழைப்பை உடன்படிக்கையால் வழங்குதல் என்பது மனித வரலாற்றில் மிகப் பழைமையான வழக்கமன்று. பண்டைச் சமுதாயங்களில் ஒருவன் யாருக்கு வேலை செய்ய வேண்டும் என்பது அவன் பிறப்பினாலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலச் சட்ட அறிஞர் ஹென்றி மேயின் 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், முன்னேறும் சமுதாயங்கள் பிறப்புவழி நிலையிலிருந்து உடன்படிக்கையை நோக்கிச் செல்கின்றன என்ற கருத்தை நிறுவினார். யாழ்ப்பாணத்தின் வரலாறும் அதற்குச் சான்றாகும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில், தொகுக்கப்பெற்ற தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. இலங்கையில் அடிமை முறை 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது.

அடிமை முறை ஒழிந்தவுடன் உடன்படிக்கைச் சுதந்திரம் முழுமையாக வந்துவிட்டதென்று கொள்ளலாகாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை உடன்படிக்கைக் கட்டளைச் சட்டம் வேலையாளர்க்கும் எசமானர்க்கும் இடையிலான உறவை வகுத்தது. வாய்மொழியாக அமர்த்தப்பட்ட வேலையாள் ஒருவன், நாட்கூலி முதலிய வேலைகளில் அமர்ந்தவனாயிராவிடின், மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் உடன்படிக்கையின்கீழ் இருப்பவனாகவே கருதப்பட்டான். எவரேனும் ஒருவர் ஒரு வாரத்துக்கு முன் அறிவித்தல் கொடுத்தாலன்றி அவ்வுடன்படிக்கை தானே நீடிக்கும். இவ்விதி நல்லதே. ஆயினும் அதே சட்டம், தக்க காரணமின்றி வேலையை விட்டுச் சென்றவனைச் சிறைப்படுத்தவும் இடந்தந்தது. கடன் செலுத்தாதவன்மீது வழக்குத் தொடுக்கலாம். வேலை செய்யாதவனையோ மறியலுக்கு அனுப்பலாம் என்பது அக்கால நீதி. தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட இத்தண்டனைகள் 1920களின் தொடக்கத்திலேதான் நீக்கப்பட்டன.

அதன்பின் வந்த சட்டங்கள் உழைப்பாளியின் பக்கம் திரும்பின. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலும், தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935இலும், மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இலும், சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941இலும் தோன்றின. சுதந்திரத்தின்பின் 1950இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும், 1954இல் கடை, காரியாலய ஊழியர் சட்டமும், 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தன. இவற்றின் பயனாக, எழுதப்பட்ட உடன்படிக்கையின் அருகில் எழுதப்படாத இன்னோர் உடன்படிக்கை நிற்கலாயிற்று. சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமைகளே அவ்வெழுதா உடன்படிக்கை. எசமானர் அதனிலும் கூடுதலாகக் கொடுக்கலாம். குறைத்துக் கொடுத்தல் இயலாது.

ஓர் ஊரும் அதன் தொழில்களும்

காங்கேசன்துறைக்குத் தொழில் வாழ்க்கையைக் கொணர்ந்தவை கடலும் இருப்புப் பாதையுமாம். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பாதை 1902ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கொழும்புடன் யாழ்ப்பாணத்தை இணைத்த சேவை 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கியது. குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணாம்புக்கல் அப்பகுதியிற் சிறப்பாகக் கிடைத்தமையால், இலங்கையின் முதலாவது சிமெந்துத் தொழிற்சாலை அங்கு நிறுவப்பட்டு 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. அப்போது கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம். சிமெந்துக்கு வேண்டிய களிமண் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து வந்தது.

இத்தொழிற்சாலையின் வரலாற்றில் மாணவர் கருதத்தக்க செய்தியொன்று உண்டு. தொடக்கத்தில் அஃது அரசாங்கத்தின் நேரடி முயற்சியாக இருந்தது. பின்னர், 1957ஆம் ஆண்டின் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த சிமெந்துக் கூட்டுத்தாபனத்தின் உடைமையாயிற்று. 1981இல் லங்கா சிமெந்து என்ற பெயரில் ஒரு கம்பனியும் அங்குத் தோன்றியது. கல் ஒன்றே, சூளையின் வெப்பம் ஒன்றே, தூசியும் ஒன்றே. ஆயினும் எசமானர் அரசாங்கத் திணைக்களமா, கூட்டுத்தாபனமா, கம்பனியா என்பதைப் பொறுத்து உழைப்பாளியின் உரிமைகள் வேறுபடும். எவ்வாறு வேறுபடும் என்பதை முறையாக நோக்குதல் வேண்டும்.

அரசாங்க உத்தியோகம்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் வழங்கும் பழமொழி. இதனைச் சோம்பலின் அடையாளமென்று இகழ்வோர் உளர். அப்பழமொழியைச் சற்று ஆராய்ந்தால், அதனுள் ஒரு கணக்கு ஒளிந்திருப்பது தெரியவரும். நீர் வளம் குன்றிய, நிலப்பரப்புச் சிறுத்த ஒரு குடாநாட்டில், மழை பொய்த்தாலும் பொய்யாத வருமானம் அரசாங்கச் சம்பளம் ஒன்றே. காங்கேசன்துறைப் புகையிரத நிலையத்தின் எழுதுவினைஞரும், தபாற் கந்தோரின் உத்தியோகத்தரும், சுங்கப் பகுதியினரும் இவ்வகையினர்.

இவ்வுடன்படிக்கையின் சிறப்பியல்பு ஓய்வூதியமாகும். ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்கீழ் வரும் நிரந்தர உத்தியோகத்தர்க்கு, சேவைக்காலத்தின் பின் ஆயுள்வரை மாதந்தோறும் பணம் அரசாங்கத்தின் நிதியிலிருந்து வழங்கப்படும். தம் ஓய்வூதியத்துக்கென அவர் சம்பளத்திலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. மனைவி மக்களின் பொருட்டு விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதிக்கு மாத்திரம் கட்டுவார். மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் பிற திணைக்களங்களிலும் கடமையாற்றி ஊர் திரும்பிய யாழ்ப்பாணத்தார் பலரின் குடும்பங்கள், அங்கிருந்து வந்த பென்சனால் தலைநிமிர்ந்தமை யாவரும் அறிந்ததே. விடுமுறையும், புகையிரத வாறண்டும், படிமுறையான சம்பள ஏற்றமும் இதனோடு சேர்ந்த நன்மைகள்.

குறைகளும் இல்லாமலில்லை. அனுப்பும் இடத்துக்குச் செல்ல வேண்டும்; திறமையுள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் ஏற்றம் ஒன்றே; விலைவாசி விரைந்து ஏறும் காலத்திற் சம்பளம் அதனைத் தொடர்ந்து செல்ல மாட்டாது. இன்னும், அரசாங்கத்தில் வேலை செய்வோர் யாவரும் ஓய்வூதியத்துக்கு உரியவரல்லர். அத்தகைய உரிமையில்லாத அரசாங்க ஊழியரின் பொருட்டே 1942ஆம் ஆண்டில் அரசாங்க சேவைச் சேமலாப நிதிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்க வேலை என்ற ஒரே சொல்லுள் இரு வேறு உடன்படிக்கைகள் அடங்கியிருக்கின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும்.

கூட்டுத்தாபனத்திலும் கம்பனியிலும் மாதச் சம்பளம்

சிமெந்துச் சூளை இரவு பகலாக எரிய வேண்டுவது. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிக் கூடிக் கிளிங்கர் என்னும் கட்டிகளாகின்றன. சூளையை அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டால் அதன் உட்புறச் செங்கற்கள் பிளவுபடும், எரிபொருளும் வீணாகும். ஆதலின் 8 மணித்தியாலம் கொண்ட மூன்று முறைகளாக ஆட்கள் மாறிமாறி நிற்றல் இன்றியமையாதது. இத்தகைய வேலைக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக ஆள் பிடித்தல் இயலாது. பழக்கமும் பொறுப்பும் உள்ள நிலையான ஊழியரே வேண்டும். உடன்படிக்கையின் இயல்பை ஓரளவு தீர்மானிப்பது வேலையின் இயல்பே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கூட்டுத்தாபன ஊழியரும் கம்பனி ஊழியரும் அரசாங்கத்தின் ஓய்வூதியத்துக்கு உரியவரல்லர். அவர்க்குரிய பாதுகாப்பு ஊழியர் சேமலாப நிதியாகும். 1958இல் எசமானரின் பங்கு 6 வீதமும் ஊழியரின் பங்கு 4 வீதமுமாகத் தொடங்கிய இந்நிதி, பின்னர் முறையே 12 வீதமாகவும் 8 வீதமாகவும் உயர்ந்தது. 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு எசமானர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தாபனத்தில் 5 ஆண்டுகளை நிறைவு செய்த மாதச் சம்பள ஊழியர்க்கு, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் இறுதி மாதச் சம்பளத்தின் அரைப்பங்கு வீதம் கொடுக்கச் செய்கின்றது. நாட்கூலி முதலியன பெறுவோர்க்கு இது 14 நாட் கூலியாகும்.

பதவி நீக்கம் பற்றிய பாதுகாப்பில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. 1971ஆம் ஆண்டின் ஊழியர் சேவை முடிவுறுத்தற் சட்டம், 15 பேருக்குக் குறையாத தனியார் தாபனங்களில், ஒழுக்காற்றுக் காரணமன்றிப் பிற காரணத்தால் ஆளை நீக்குவதாயின் அவ்வூழியரின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெறப்பட வேண்டும் என்கின்றது. முந்திய 12 மாதங்களில் 180 நாளுக்குக் குறையாது வேலை செய்தவர்க்கே இப்பாதுகாப்பு உண்டு. அரசாங்கமும் கூட்டுத்தாபனங்களும் இச்சட்டத்துக்குப் புறம்பானவை. ஆகவே ஒரே ஊரில், ஒரே பொருளை ஆக்கும் இரு தொழிற்சாலைகளுள் ஒன்றில் அமர்ந்தவர்க்குரிய பாதுகாப்பு மற்றதில் அமர்ந்தவர்க்கு இல்லாதிருத்தல் கூடும்.

கடைச் சிப்பந்திகளும் காரியாலய ஊழியரும்

குடாநாட்டு இளைஞர் பலர் காலங்காலமாகக் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகளில் அமர்ந்தனர். உணவும் உறையுளும் முதலாளியுடையவை. கூலி ஆண்டு முடிவிற் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படும். வேலை நேரத்துக்கு எல்லை இல்லை. உறவின் பெயரால் நடந்த இவ்வேற்பாட்டில் அன்பு இருந்த இடமும் உண்டு. சுரண்டல் இருந்த இடமும் உண்டு. எது இருந்ததென்பது முதலாளியின் குணத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

1954ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலை நேரம் வரையறுக்கப்பட்டது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு. ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் அமைய விடுமுறை என்பன உரிமைகளாயின. இவை எல்லாவற்றினும் சிறந்த விதி ஒன்று அச்சட்டத்தில் உண்டு. வேலைக்கு அமர்த்தும் நாளிலேயே ஊழியரின் பதவி, நியமனத்தின் தன்மை, அடிப்படைச் சம்பளம், சம்பள ஏற்றம், படிகள், தகுதிகாண் காலம், வேலை நேரம், விடுமுறை, சேவை முடியும் விதம் முதலியவற்றை எழுத்திற் கொடுத்தல் எசமானரின் கடமை என்பதே அவ்விதி. ஊழியர் கேட்க அஞ்சும் வினாக்களைச் சட்டமே அவர் சார்பிற் கேட்டுவிடுகின்றது.

நாட்கூலியும் துண்டு வேலையும்

நாட்கூலி என்பது ஒரு பகலின் உடன்படிக்கை. தோட்டங்களிற் புகையிலை நடுதல், வெங்காயம் கிண்டுதல், கட்டட வேலை, மூடை ஏற்றுதல் ஆகியன இவ்வகையின. அன்றன்றைக்குப் பணம் கையில் வருதலே இதன் கவர்ச்சி. நாட்கூலியாள் மாதச் சம்பளக்காரரினும் கூடிய வீதத்திற் கூலி பெறுதலும் உண்டு. ஆனால் வேலையில்லா நாளின் இழப்பு முழுவதும் அவனுடையதே. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் பாக்கு நீரிணைக் கரை கொந்தளிக்கும். துறையில் ஏற்றல் இறக்கல் தடைப்படும். தோட்டத்திலும் மழையால் வேலை குன்றும். ஒரே காற்று பலருடைய அடுப்பை ஒருங்கே அணைக்கும்.

துண்டு வேலையில் நேரத்துக்கன்றி ஆக்கிய பொருளின் எண்ணிக்கைக்கே கூலி. யாழ்ப்பாணத்தின் பழைய கைத்தொழிலாகிய சுருட்டுச் சுற்றுதல் இதற்குத் தக்க உதாரணம். கைவேகமுள்ள இளைஞனுக்கு இம்முறை ஆதாயம் தரும். கண்ணொளி மங்கி விரல்கள் தளரும் வயதில் அதே முறை தண்டனையாக மாறும். அனுபவம் மிகுந்தோறும் சம்பளம் ஏறுவது உத்தியோகத்தில்; வயது மிகுந்தோறும் கூலி இறங்குவது துண்டு வேலையில். அதனைத் தடுக்கும் பொருட்டே சம்பளச் சபைகள் வேண்டப்பட்டன. ஒரு தொழிலின் எசமானர் பிரதிநிதிகளும், தொழிலாளர் பிரதிநிதிகளும், நியமனம் பெற்ற நடுநிலையாளரும் கூடிக் குறைந்தபட்சக் கூலியை அங்கு நிர்ணயிப்பர். சுருட்டுத் தொழிலும் அவ்வாறு சபை பெற்ற தொழில்களுள் ஒன்று. கூலி கொடுபடும் காலத்தையும் அச்சட்டம் வரையறுத்தது. வாரக் கூலி 3 நாளுள்ளும், மாதக் கூலி 10 நாளுள்ளும் கொடுபட வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் பொதுவான தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016ஆம் ஆண்டில், மாதம் 10,000 ரூபாய், நாளுக்கு 400 ரூபாய் என முதன்முதல் விதிக்கப்பட்டது. பின்னர் அது பன்முறை உயர்த்தப்பட்டது.

நாட்கூலியாளுக்கும் துண்டு வேலையாளுக்கும் சேமலாப நிதி இல்லையென்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. எசமானரின்கீழ் வேலை செய்பவர் நிரந்தரமாயினும் தற்காலிகமாயினும், மாதச் சம்பளமாயினும் துண்டுக் கூலியாயினும் நிதிக்கு உரியவரே. உரிமை இருந்தும் அறியாமையால் இழக்கப்படும் செல்வங்களுள் இது பெரிது.

கடற்பங்கு

கடற்றொழிலில் உள்ள முறை வேறு. கரைவலைத் தொழிலில் வலையும் தோணியும் உடையவர் ஒருவர், இழுப்போர் பலர். பிடிபட்ட மீனின் விலையில், செலவு நீக்கி, உடையவர்க்கு ஒரு பகுதியும் உழைத்தோர்க்கு ஒரு பகுதியுமாகப் பங்கிடப்படும். இங்குக் கூலி என்ற சொல்லே இல்லை. பங்கு என்பதே சொல். இழப்பையும் ஆதாயத்தையும் இரு திறத்தாரும் பகிர்தலின் இதனை நேர்மையான முறையென்று கூறுதல் பொருந்தும். ஆயினும் மீன் படாத பருவங்களில் இழுப்போர் உடையவரிடம் முற்பணம் பெற்றுக் கடன்பட நேரும். கடன் தீரும்வரை அவ்வலையை விட்டு வேறு வலைக்குச் செல்லல் அரிதாகும். பெயரிற் பங்காளியானவர் நடைமுறையிற் கட்டுண்டவராதல் இவ்வாறே. உடன்படிக்கையின் பெயர் ஒன்றாகவும் அதன் உள்ளீடு வேறாகவும் இருத்தல் கூடும் என்பதை இஃது உணர்த்துகின்றது.

கொந்தராத்து

போர்த்துக்கேய மொழியிலிருந்து யாழ்ப்பாணத் தமிழிற் புகுந்த சொல் கொந்தராத்து. கட்டடம் ஒன்றை இன்ன விலைக்கு முடித்துத் தருவேன் என்று ஏற்பவர் கொந்தராத்துக்காரர். இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் ஒல்லாந்தச் சட்டம் ஈண்டு ஒரு பயனுள்ள வேறுபாட்டைத் தருகின்றது. ஒருவன் தன் உழைப்பை இன்னொருவரின் ஏவலின்கீழ் ஒப்புவித்தல் ஒரு வகை. முடிந்த வேலையைத் தருவதாக ஏற்றல் மற்றொரு வகை. வீட்டு வேலைக்கு ஆளை அமர்த்துதல் முன்னது. தச்சரிடம் கதவு செய்யக் கொடுத்தல் பின்னது. முன்னதில் எப்போது, எவ்வாறு செய்ய வேண்டுமென எசமானர் கட்டளையிடுவார். பின்னதிற் கதவு நன்றாயிருக்கின்றதா என்பது மாத்திரமே வினா. தச்சர் ஊழியரல்லர்; ஆதலின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் அவர்க்கில்லை.

இவ்வேறுபாடு நியாயமானதே. ஆனால் பிற்காலத்தில் அது வேறு நோக்கத்துக்குப் பயன்படலாயிற்று. துப்புரவு, காவல், ஏற்றல் இறக்கல் போன்ற வேலைகளைத் தாபனங்கள் இடைத்தரகரிடம் கொந்தராத்தாகக் கொடுக்கின்றன. வேலையாள் நாள்தோறும் தாபனத்தின் வாயிலுக்கே வருகின்றான். அதன் மேற்பார்வையாளர் சொற்படியே நடக்கின்றான். கூலியை மாத்திரம் மூன்றாமவர் கையிற் பெறுகின்றான். விபத்து நேர்ந்தால் எசமானர் யார் என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டுவர். சட்டம் இதற்கு முற்றிலும் குருடாக இருக்கவில்லை. கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வேலையாள் என்ற சொல்லை விரிவாக வரையறுத்து, வாய்மொழி உடன்படிக்கையையும், தானே உழைத்து வேலையை முடிப்பதாக ஏற்கும் உடன்படிக்கையையும் உள்ளடக்கியது. 1957ஆம் ஆண்டின் திருத்தத்தால் தோன்றிய தொழில் நியாயசபைகள், உடன்படிக்கையில் மாறாக எது எழுதப்பட்டிருப்பினும், நீதியும் நியாயமுமான நிவாரணத்தை வழங்கும் அதிகாரமுடையன. கையொப்பமிட்ட தாளே முடிந்த முடிபன்று என்பதை உழைப்பாளர் அறிதல் வேண்டும்.

ஒரு கணக்கு

இருவகை உடன்படிக்கைகளை எண்ணால் ஒப்பிடுதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு உதவும். ஒருவர் நிரந்தர ஊழியர். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். மற்றவர் கொந்தராத்து ஆள். நாட்கூலி 1,800 ரூபாய், மாதத்துக்கு 25 நாள் வேலை. சேமலாப நிதி முதலியன இவருக்கு இல்லை எனக் கொள்க.

முதலாமவர் சம்பளத்தில் 8 வீதமாகிய 3,200 ரூபாய் கழிய, கைக்கு வருவது 36,800 ரூபாய். இரண்டாமவர் பெறுவது 45,000 ரூபாய். மாதந்தோறும் இரண்டாமவர்க்கே 8,200 ரூபாய் அதிகம். அதில் ஒரு சதமும் செலவிடாது 10 ஆண்டு சேர்த்தாலும் கிடைப்பது 9 இலட்சத்து 84,000 ரூபாய். முதலாமவர் பெயரிற் சேமலாப நிதியில் 9 இலட்சத்து 60,000 ரூபாயும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் 1 இலட்சத்து 44,000 ரூபாயும், பணிக்கொடையாக 2 இலட்சம் ரூபாயும், ஆக 13 இலட்சத்து 4,000 ரூபாய் சேர்ந்திருக்கும். வட்டி இரு பக்கத்தும் சேர்க்கப்படவில்லை. வேறுபாடு 3 இலட்சத்து 20,000 ரூபாய். முதலாமவர் சம்பளத்துடன் பெறும் 21 நாள் விடுமுறையை இரண்டாமவரும் எடுத்தால், ஆண்டுக்கு 37,800 ரூபாயாக 10 ஆண்டில் மேலும் 3 இலட்சத்து 78,000 ரூபாய் இழப்பார்.

எசமானர் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நிரந்தர ஊழியர்க்கு இரு நிதிகளுக்கும் செலுத்துவது சேர்ந்து அவர்க்கு மாதச் செலவு 46,000 ரூபாய். பணிக்கொடைக்கென ஒதுக்குவதையும் கூட்டினால் ஏறக்குறைய 47,700 ரூபாய். கொந்தராத்து ஆளின் செலவிலும் இது 3,000 ரூபாயளவும் கூடியதன்று. தரகரின் இலாபத்தைச் சேர்த்தால் வேறுபாடு இன்னும் சுருங்கும். ஆகவே எசமானர் கொந்தராத்தை நாடுவது பணம் மிச்சம் பிடிப்பதற்காக மாத்திரமன்று. பொறுப்பை மிச்சம் பிடிப்பதற்காகவுமாம். வேண்டாதபோது விட்டுவிடும் வசதிக்கே அவர் விலை கொடுக்கின்றார். அவ்வசதியின் மறுபக்கமே உழைப்பாளியின் நிச்சயமின்மை.

வேலை நின்ற நாள்

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதைக் காங்கேசன்துறையின் வரலாறே காட்டிற்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், 40 ஆண்டுகள் இயங்கிய சிமெந்துத் தொழிற்சாலை நின்றது. வலிகாமம் வடக்கின் மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். அப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சூளை ஒரே வேளையில் எல்லோருக்கும் அணைந்தது. ஆனால் எல்லோரும் ஒரே நிலையில் வெளியேறவில்லை.

ஓய்வூதியம் பெற்றவரின் உரிமை ஊரோடு பிணைந்ததன்று; அரசாங்கத்தோடு பிணைந்தது. சென்ற இடத்திலும் அது தொடரத்தக்கது. சேமலாப நிதி அங்கத்தவரின் பணம் தொழிற்சாலையின் பெட்டியில் இருக்கவில்லை. மத்திய வங்கியின் பொறுப்பில் அவரவர் பெயரில் இருந்தது. எசமானர் நின்றுபோனாலும் நின்றுபோகாத உரிமை அது. பணிக்கொடையோ எசமானரிடமிருந்து வரவேண்டிய கடன். கொடுப்பவர் தளர்ந்தால் பெறுபவரும் தளர நேரும். நாட்கூலியாளின் கையில் எஞ்சியது இறுதி நாளின் கூலி மாத்திரமே. கடற்பங்காளர்க்குக் கரையே இல்லாமற் போயிற்று. துண்டு வேலையாளுக்கு எஞ்சியது கைத்திறன். அதனைப் பயன்படுத்த வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

இன்னுமொரு படிப்பினை உண்டு. இடப்பெயர்வில் வீடு மாத்திரமன்று, ஏடுகளும் அழியும். நியமனக் கடிதம், அங்கத்துவ இலக்கம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை இழந்தவர் உள்ள உரிமையையும் நிறுவ இயலாது தவிப்பார். காணி உறுதியைப் பேழையில் வைத்துப் போற்றும் யாழ்ப்பாணத்தார், நியமனக் கடிதத்தை அவ்வாறு போற்றக் கற்கவில்லை. நிலம் இல்லாதவனுக்கு அக்கடிதமே உறுதி என்பதை மறத்தல் ஆகாது.

முடிவுரை

2015ஆம் ஆண்டு ஜனவரியிற் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துடன் பயணிகள் கப்பற் சேவை தொடங்கிற்று. ஊர் மீண்டெழும்போது வேலைகளும் தோன்றும். அவை எத்தகைய உடன்படிக்கைகளோடு தோன்றும் என்பதே சிந்திக்கத்தக்க வினா.

எல்லோரும் ஓய்வூதிய உத்தியோகம் பெறுதல் இயலாது. அது நாட்டுக்கு நன்மையுமன்று. துணிந்து சொந்தத் தொழில் செய்வோரும், கைத்திறத்தாற் கொந்தராத்து ஏற்போரும் சமுதாயத்துக்கு வேண்டியவரே. ஒரு வகை உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கூறுதலன்று இவ்வொப்புநோக்கின் பயன். ஒவ்வொன்றும் எந்த ஆபத்தை யார் தோளில் ஏற்றுகின்றது என்பதை அறிதலே பயன். அரசாங்க உத்தியோகத்தில் ஆபத்து அரசின் தோளில். மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி எசமானரின் தோளில். பங்கில் இருவர் தோளிலும். நாட்கூலியிலும் போலிக் கொந்தராத்திலும் முழுவதும் உழைப்பாளியின் தோளில். தாங்க வலிமை குறைந்தவன் தோளிலேயே பாரம் மிகுதியாக ஏற்றப்படுதல் ஒரு சமுதாயத்தின் நீதியைக் காட்டுவதன்று.

கல்லூரியை விட்டு நீங்கும் மாணவருட் சிலர் உத்தியோகத்தராவர், சிலர் எசமானராவர். முன்னவர் கையொப்பமிடுமுன் வாசிக்கக் கடமைப்பட்டவர். பின்னவர், வாசிக்கத் தெரியாதவனும் ஏமாறாதவாறு எழுதக் கடமைப்பட்டவர்.